நூற்றில் ஒன்றை ஏழே கேள்வியில் பிடிப்பது எப்படி?

சரவணம்பட்டி வகுப்பறை ஒன்றில் டீச்சர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ மட்டுமே சொல்வார். “17-ஆ? 63-ஆ?” என்று கத்தினால் அதிர்ஷ்டம்தான் கைகொடுக்கணும்.

“50-ஐவிடப் பெரிசா?” என்று கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் ஐம்பது எண்கள் காலி! ‘இல்லை’யும் அதே அளவு உதவும் என்பதுதான் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது.

தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் அடைத்தால் நடுவில் பார்ப்போம் அல்லவா? அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்கு அப்பால். வராவிட்டால் இந்தப் பக்கம். மிச்சத்தையும் அப்படியே பாதியாக்குவோம்.

டீச்சரின் எண்ணுக்கும் அதே வழிதான்: 100, 50, 25, 13, 7, 4, 2, 1. எண்ணிப் பாருங்கள், ஏழு வெட்டு.

பத்து லட்சம் எண்கள் என்றால்? இருபதே கேள்வி! ஐ.டி. கம்பெனிக் கணினிகளும் பட்டியலில் தேட இந்த வழியைப் பயன்படுத்தலாம். பட்டியல் வரிசையாக இல்லாவிட்டால் மட்டும் வித்தை பலிக்காது.