பிந்தி உறங்கும் வீடுகள்

இரவு எட்டு மணிக்குச் சில வீடுகளில் பிள்ளைகள் படுக்கைக்குச் சென்றுவிடுகின்றனர். வேறு சில வீடுகளில் அப்பொழுதுதான் அடுப்பிற் சோறு கொதிக்கிறது. கடை பூட்டி வருபவரும், ஆஸ்பத்திரியில் மாலை வேலை முடித்து வருபவரும், கடைசி பஸ்ஸில் வந்திறங்குபவரும் உள்ள இல்லங்கள் இத்தகையன. இவர்களை நோக்கி, "பிள்ளைகளை நேரத்தோடு படுக்கவையுங்கள்" என்று கூறுதல் எளிது. அது நடைபெறாமற் போவதும் அவ்வளவு எளிதே. ஆகவே, பிந்தி உறங்கும் குடும்பத்துக்கு ஏற்ற ஒழுங்கு யாது என்பதே ஆராயத்தக்கது.

பிந்தி உறங்குதல் முழுவதும் தீய பழக்கமன்று. மனித உடலினுள்ளே நித்திரையையும் விழிப்பையும் ஆளும் கடிகாரமொன்று இயங்குகிறது. அதன் சுற்று பெரும்பாலானோரில் 24 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடியது. சிலருக்கு அது முந்தியும் சிலருக்குப் பிந்தியும் ஓடுவதற்குப் பரம்பரையும் ஒரு காரணம். இக்கடிகாரத்தை இயக்கும் பொறிமுறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஜெப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பூப்புப் பருவத்தில் இக்கடிகாரம் மேலும் பிந்துகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கும் நித்திரை வரவில்லை என்றால், அது சோம்பலுமன்று, பிடிவாதமுமன்று.

எனினும், பாடசாலை மணி எவருடைய உடற்கடிகாரத்துக்கும் காத்திருப்பதில்லை. இலங்கையிற் பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்குகின்றன. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரையும், 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரையும் வேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஏழரை மணித்தியாலமே கிடைக்கிறது. குறைந்த அளவினை நோக்கினும் ஓரிரவில் ஒன்றரை மணித்தியாலம் குறைவு. பாடசாலை நடைபெறும் ஐந்து நாட்களில் அது ஏழரை மணித்தியாலமாகிறது. அஃதாவது, வாரந்தோறும் அவன் ஓரிரவு நித்திரையை முழுமையாக இழக்கிறான். வகுப்பில் அவன் கண் சொருகியிருப்பதைக் காண்போர் அவனை மந்தபுத்தியுடையவன் என எண்ணிவிடுகின்றனர். அப்பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்குவதில்லை.

திருத்தத்தை இரவிலன்றிக் காலையில் தொடங்குதல் வேண்டும். நித்திரை வராத பிள்ளையை உறங்கச் செய்ய எவராலும் இயலாது. உறங்கும் பிள்ளையை எழுப்ப இயலும். எழும் நேரத்தை நிலையாக வைத்து, எழுந்ததும் பிள்ளையை முற்றத்து வெளிச்சத்தில் நிற்கவிடுதல் நன்று. காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னே நகர்த்தும். விடுமுறை நாளிலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேற் பிந்தி எழவிடலாகாது. பாடசாலையால் வந்தபின் நெடுநேரம் உறங்குதலும், மாலையில் தேநீர் கோப்பி அருந்துதலும் இரவு நித்திரையைத் தள்ளிப்போடும்.

இரவில் வேண்டுவது கடிகார நேரத்தினும் மேலாக மாறாத வரிசையே. உணவு, கைகால் கழுவுதல், நாளைய புத்தகங்களைப் பையில் அடுக்குதல், விளக்கைக் குறைத்தல், கதை, பாய். நாள்தோறும் இதே முறை நிகழுமாயின், அடுத்து வருவது நித்திரை என்பதைப் பிள்ளையின் உடல் தானே அறியும். மிகுந்த ஒளி நித்திரைக்கு ஆயத்தஞ் செய்யும் மெலற்றோனின் சுரப்பைத் தடுக்குமாதலால், கைத்தொலைபேசி அவ்வேளையில் முன்னறையிலேயே இருத்தல் வேண்டும். படுக்கும் நேரத்தை மூன்று நாட்களுக்கொரு முறை பதினைந்து நிமிடம் முன்னே கொணர்ந்தால், பத்தரை மணி மூன்று வாரத்துக்குள் ஒன்பது மணியாகிவிடும்.

இனி, இவற்றுள் மிகக் கடினமானது ஒன்றுண்டு. தந்தை கடை பூட்டி எட்டே முக்காலுக்கு வருகிறார். அவரைக் காண்பதற்காகவே பிள்ளை விழித்திருக்கிறது. அந்த அன்பை நித்திரையின் பெயரால் அறுத்தல் முறையாகாது. பிள்ளைகள் முன்னரே உண்டு முடித்திருக்க, தந்தை வந்ததும் தம் உணவுக்கு முன் அவர்கள் பாயருகே கால்மணி நேரம் அமரலாம். கதையை அவரே சொல்லலாம். அவர் வர இரவு பத்து மணியாகுமெனில், அக்கால்மணி நேரம் காலை உணவுக்கு மாறட்டும். வீட்டில் இறுதியாகப் படுத்து முதலாவதாக எழும் தாயின் தலையில் இவ்வொழுங்கும் ஒரு சுமையாக விழலாகாது. பை அடுக்குவதை மூத்த பிள்ளையும், விளக்குக் குறைப்பதை அம்மம்மாவும் ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு வீட்டினர் அனைவரும் ஒரே நேரத்தில் உறங்கவேண்டுமென்பதில்லை. பெரியோர் தம் வேலையின் பொருட்டு விழித்திருக்கலாம். பிள்ளை உறங்கும் அறையில் மட்டும் இருளும் அமைதியும் சற்று முந்தி வந்து சேர்தல் வேண்டும்.