அப்ரண்டிஸா, மலிவுக் கூலியா?

இங்கிலாந்தில் மழலையர் கல்வியாளர் ஆவதற்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழி இருக்கிறது. அதில் சேருகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கல்லூரிக் கட்டணம் கிடையாது, கல்விக்கடன் கிடையாது, முதல் மாதமே சம்பளம். பள்ளிப் படிப்பை முடித்த பதினாறு வயதுக்காரர்களை ‘எர்லி இயர்ஸ் எஜுகேட்டர்’ அப்ரண்டிஸ்ஷிப் இப்படித்தான் அழைக்கிறது. ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்து, பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு வாக்கில் மூன்றாம் நிலைத் தகுதியைப் பெற்றுவிடலாம். பயிற்சிச் செலவு மாணவர் தலையில் விழாது; அரசும் முதலாளியும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆட்களுக்கான தேவையும் கூடியிருக்கிறது. 2025 செப்டம்பர் முதல், வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்குக்கூட வாரம் 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு பணம் தருகிறது. ஆண்டுக்கு 38 வாரம். ஆனால், குழந்தைகளை இஷ்டத்துக்குச் சேர்த்துவிட முடியாது. இரண்டு வயது நிரம்பாதவர்கள் மூன்று பேருக்கு ஒருவர், இரண்டு வயதுக் குழந்தைகள் ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வயதில் பொதுவாக எட்டுப் பேருக்கு ஒருவர் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு வயதினருக்கு நாலு பேருக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில்தான் தளர்த்தினார்கள்.

தரையில் உட்கார்ந்து ஒரு படிப்பு

பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்கும் நாடு முழுதும் ஒரே கல்விச் சட்டகம். அதில் ஏழு துறைகள். பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தனிமனித, சமூக, உணர்வு வளர்ச்சி ஆகிய மூன்றும் அடித்தளம். எழுத்தும் எண்ணும் பிறகுதான். இதைப் புத்தகத்தில் படித்துவிடலாம். நாப்பி மாற்றும் ஐந்து நிமிடமும் குழந்தையோடு பேச வாய்த்த நேரம் என்பது, மாற்றிப் பழகியவருக்குத்தான் புரியும். திராட்சையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நறுக்கித் தர வேண்டும். சாப்பிடும் குழந்தை எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவையெல்லாம் அன்றாடப் பாடங்கள்.

எலினர் கோல்ட்ஷ்மீட் என்ற கல்வியாளர் அறிமுகப்படுத்திய ‘புதையல் கூடை’ இன்றும் நர்சரிகளில் இருக்கிறது. மரக்கரண்டி, சாவிக்கொத்து, பிரஷ் என்று வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கூடையில் போட்டு, உட்காரத் தொடங்கிய குழந்தையின் முன் வைப்பார்கள். குழந்தை எதை எடுக்கிறது, எதை வாயில் வைக்கிறது, எதை விட்டெறிகிறது என்று அப்ரண்டிஸ் குறுக்கிடாமல் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். சும்மா இருந்து கவனிப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை. இப்படிச் சேரும் குறிப்புகள் ஒரு கோப்பாகும். பயிற்சியின் முடிவில் அதை முன்வைத்து வெளித் தேர்வாளர் கேள்வி கேட்பார்.

களத்தில் கற்பிப்பது அங்கே புதிதல்ல. மார்கரெட், ரேச்சல் மக்மில்லன் சகோதரிகள் 1914-இல் லண்டனின் ஏழ்மையான டெப்ட்ஃபோர்டு பகுதியில் திறந்தவெளி நர்சரி தொடங்கினார்கள். அங்கேயே இளம்பெண்கள் பயிற்சியும் பெற்றார்கள். 1930-இல் ரேச்சலின் பெயரில் பயிற்சிக் கல்லூரியே எழுந்தது.

தலைக்கணக்கில் அகப்பட்டவர்கள்

சிக்கல் சம்பளத்தில் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பிய தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு, அப்ரண்டிஸுக்கு 7.55 பவுண்டு என்று இருந்தது. பத்தொன்பது வயது நிரம்பாதவர்களுக்கும், எந்த வயதினரானாலும் பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் இந்தக் குறைந்த விகிதத்தில் சம்பளம் தரலாம். அதோடு, பொறுப்பும் திறமையும் உள்ளவர் என்று நிர்வாகம் கருதினால், பதினாறு வயது அப்ரண்டிஸையும் குழந்தைகளுக்கான ஆள்கணக்கில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இந்த இரண்டும் சேரும்போது, கற்க வந்தவரை மலிவான ஆளாக மட்டும் பார்க்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரலாம். பயிற்சி நேரம் சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது விதி. ஆனால், இரண்டு பேர் விடுப்பு எடுத்த காலையில் முதலில் பறிபோவது அந்த நேரம்தான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு கூடுதல் பலம் உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைக்கு, தாய்மொழியிலும் விளையாடிப் பழக நர்சரி இயன்றவரை வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டகம். தமிழ் தெரிந்த ஓர் அப்ரண்டிஸ் அங்கே பெரிய துணை.

சேர நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்சி நேரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? எனக்குக் கற்றுத்தரப் போகும் மூத்தவர் யார்? என்னை எப்போதிலிருந்து ஆள்கணக்கில் சேர்ப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் நர்சரியில் தயங்காமல் சேருங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.