திருப்பயணத்திற்கு மட்டுமா நம் கால்கள்?



ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் நம் பகுதியிலிருந்து பலர் நடந்தே செல்கிறோம். கால் கொப்புளித்தாலும் செபமாலை சொல்லிக்கொண்டே நடக்கிறோம். ஊர் திரும்பியதும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆலயத்திற்கு வண்டியை எடுக்கிறோம். மற்ற மாதங்களில் நம் கால்களுக்கு விடுமுறையா?

"நாள் முழுவதும் வேலை செய்கிறோமே, இதற்கு மேலும் நடக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்தில் பல வேலைகள் உட்கார்ந்தே செய்பவை. சரம் பின்னுகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிறவர், அச்சகத்தில் கணினி முன் இருப்பவர், கடையில் கல்லாவைப் பார்ப்பவர் என எல்லாருக்கும் கையும் முதுகும் ஓய்ந்துபோகின்றன. இதயத்திற்கும் கால் தசைகளுக்கும் போதிய அசைவு கிடைப்பதில்லை. களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

இதை மருத்துவ உலகிற்கு உணர்த்தியது ஒரு பேருந்து ஆய்வு. இலண்டன் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஒப்பிட்டு, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் பெற வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நாளுக்கு 30 நிமிடங்கள் வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பின்தங்கியுள்ளனர்.

காரணம் சோம்பல் அல்ல. விடியுமுன் எழுந்து சமைத்து, கம்பெனி வண்டியைப் பிடித்து, மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படிக்குள் நுழையும் பெண்ணுக்கு அரைமணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டிலுள்ள ஆண்கள் பாத்திரம் கழுவிக் கொடுத்தால் கிடைக்கும்! தனியே நடக்கக் கூச்சமாக இருந்தால், அன்பியக் குடும்பங்கள் சேர்ந்து நடக்கலாம்.

ஒரே மூச்சில் அரைமணி நேரம் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆகவே இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பதும் நன்மையே. வேகத்திற்கு எளிய அளவுகோல் உண்டு: நடந்துகொண்டே பேச முடியவேண்டும், பாட முயன்றால் மூச்சு வாங்கவேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்த பின்போ நடப்பது நல்லது.

சில எச்சரிக்கைகள்: சர்க்கரை நோயாளர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். உணர்விழந்த பாதத்தில் சிறு முள் குத்தினாலும் தெரியாது. அது புண்ணாகிக் காலையே இழக்க நேரிடலாம். செருப்பணிந்து நடப்பதால் நேர்ச்சையின் பலன் குறைந்துவிடாது. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நின்று, மருத்துவ உதவி நாடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

தமிழக அரசும் 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நமக்கோ வீட்டிலிருந்து ஆலயம் வரையுள்ள தெருவே தொடக்கத்திற்குப் போதும்.

எம்மாவுக்குச் சென்ற சீடர்கள் இருவரும் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடந்தார்கள். வழியில்தான் ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வரும் ஞாயிறு திருப்பலிக்கு, நடக்க முடிந்தவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு நடந்து வருவோமா?