வண்ண மீன் குஞ்சுக்கு உயிர்த் தீவனம்

சென்னை கொளத்தூரைப் போல வண்ண மீன் குஞ்சு வளர்க்க முனையும் தர்மபுரி மாவட்ட விவசாயிகள், அவற்றின் உயிர்த் தீவனமான 'மொய்னா' என்னும் நீர்த்தெள்ளுப் பூச்சியைச் சிமெண்டுத் தொட்டியில் தாங்களே வளர்க்கலாம்.

தொட்டியில் ஒன்றரை அடி கிணற்று நீர் நிரப்பி, 100 லிட்டருக்கு 2.5 கிராம் ரொட்டி ஈஸ்டைக் கரைத்து ஊற்றவும். குளோரின் கலந்த குழாய் நீர் ஆகாது. மறுநாள் பூச்சிகளை விடவும். 5 முதல் 10 நாட்களில் பெருகும். பின் தினமும் கால் பங்கை மட்டும் மெல்லிய துணியில் வடித்தெடுக்கவும். ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியளவு ஈஸ்ட் இடவும்.

ஈஸ்ட் மிகுந்தால் நீர் கெட்டு எல்லாம் மடியும். பூச்சிமருந்து பட்ட வாளியைப் பயன்படுத்தக் கூடாது.

கோடையில் நீர் வற்றும்போது இவை இடும் தடித்த ஓட்டு முட்டைகள் காய்ந்த வண்டலிலும் உயிருடன் இருக்கும். அந்த வண்டலே அடுத்த பருவத்திற்கு விதை.