காய்க்காத மரம் காடானது



பேரிக்காய் என்றதும் உதகையிலும் கோடைக்கானலிலும் விளையும் பழமே நம் நினைவுக்கு வரும். நான் இன்று எடுத்துக்கொண்டதோ அதன் காட்டு உறவினம் ஒன்று. நாம் விரும்பி உண்ணும் பழமன்று அதன் பழம். சீனத்திலும் வியட்நாமிலும் தானாக வளரும் இம்மரத்திற்குக் காலரிப் பேரி என்று பெயர். சீனத்தில் அதனைச் சேகரித்த காலரி என்னும் பாதிரியாரின் பெயரை இட்டனர். கிளைகளில் முள் உண்டு. இளவேனிலின் தொடக்கத்திலேயே மரம் முழுவதும் வெண்மலர் போர்த்து நிற்கும். தொலைவிலிருந்து காண இனிது. அருகிற் சென்றாலோ அழுகிய மீனின் நாற்றம்! பழம் சுண்டைக்காயளவே இருக்கும், நிறம் பழுப்பு. உறைபனி பட்ட பின்னரே அது மெத்தென்றாகும்.

இம்மரத்தை அமெரிக்கர் கடல் கடந்து கொண்டு சென்றது ஏன்? அங்குப் பேரித் தோட்டங்களைத் தீக்கருகல் என்னும் நோய் அழித்துவந்தது. நெருப்புப் பட்டதுபோல் கிளைகள் கருகிவிடும். பாக்டீரியாவே அதன் காரணம். காலரிப் பேரி அந்நோயைத் தாங்கி நிற்பதை ஆரிகன் மாநிலத்தில் ரெய்மர் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அதன் வேரின்மேல் நல்ல பேரியை ஒட்டுக்கட்டலாம் அன்றோ? விதை தேட, பிராங்க் மேயர் என்பவரை அரசின் வேளாண்மைத் துறை சீனத்திற்கு அனுப்பிற்று. காடுமேடெல்லாம் நடந்து விதை திரட்டிய அவர், 1918-இல் யாங்சி ஆற்றில் இறந்தார். ஒரு மரத்தின் வேருக்காக மனிதர் பட்ட பாட்டை எண்ணுங்கள்!

அத்துடன் நின்றிருந்தால் இக்கதை இன்று வேண்டியதில்லை. விதையிலிருந்து எழுந்தவற்றுள் முள்ளற்ற அழகிய மரம் ஒன்று இருந்தது. அதனை ஒட்டுக்கட்டிப் பெருக்கி, பிராட்போர்டு என்று பெயரிட்டு, 1963-இல் அழகு மரமாக வெளியிட்டனர். வீட்டு வாயில்தோறும் அதை நட்டனர். அது காய்ப்பதில்லை, ஆகவே தெருவில் குப்பையும் இல்லை.

காய்க்காமைக்குரிய காரணத்தை நீங்கள் நன்கு மனத்தில் வாங்கவேண்டும். பேரி இனத்தில் ஒரு மரத்தின் மகரந்தம் அம்மரத்தின் சூலையே கருவுறச் செய்யாது. மகரந்தத்தூள் சூல்முடியில் விழுந்து குழலை நீட்டும். ஆயின் அது தன் மரத்தினதே என்பதைச் சூல்தண்டு உணர்ந்து, இடைவழியில் அதன் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஒட்டுக்கன்றுகள் ஆயிரமாயினும் உடலியல்பால் அவை ஒரே மரந்தானே? எனவே பிராட்போர்டு மரங்கள் தமக்குள் கருவுற இயலவில்லை. மலடு என்று மக்கள் கருதினர். அது மலடன்று, துணையின்றி இருந்தது, அவ்வளவே.

துணையை மனிதரே கொடுத்தனர். பிராட்போர்டின் கிளைகள் குறுகிய கவட்டில் நெருங்கி முளைப்பன. மரம் பதினைந்து இருபது ஆண்டு வளர்ந்ததும் காற்றிலும் பனியிலும் பிளந்து வீழ்ந்தன. அதனால் வலிய கிளைகளையுடைய வேறு வகைகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஒட்டின் கீழிருந்த வேரும் ஆங்காங்கே துளிர்த்துப் பூத்தது. ஈக்களும் தேனீக்களும் மகரந்தத்தை மாற்றிச் சுமந்தன. மரங்கள் காய்த்துக் குலுங்கின! நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் முதலிய பறவைகள் பழத்தை உண்டு விதையை எங்கும் எச்சமிட்டன. முளைத்த கன்றுகளிலோ பழைய காட்டு முள் மீண்டும் தோன்றிற்று. டிராக்டர் சக்கரத்தையும் அது துளைக்கும். தரிசு நிலங்களில் அம்மரம் புதராக மண்டி, அந்நாட்டுச் செடிகளுக்கு ஒளியும் இடமும் இல்லாமற் செய்தது. ஒகாயோ மாநிலம் 2023-இலும், பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024-இலும் அதன் விற்பனையைத் தடை செய்தன.

மரத்தை மட்டும் வைதல் முறையன்று என்பது என் கருத்து. நியூயார்க்கில் 2001-இல் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, இடிபாட்டினுள் எரிந்தும் முறிந்தும் கிடந்த மரமொன்றை எடுத்துப் பேணினர்; அது பிழைத்து 2010-இல் மீண்டும் அவ்விடத்திலேயே நடப்பட்டது. அதுவும் காலரிப் பேரியே.

அத்தகைய உயிர்வன்மை உடையதை ஒழிப்பது எளிதன்று. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும்; ஆதலின் வெட்டியவுடன் களைக்கொல்லி தடவுகின்றனர். தென் கரோலினா முதலிய சில இடங்களில், தம் நிலத்து மரத்தை வெட்டியதற்குச் சான்று காட்டுவோர்க்கு, அந்நாட்டிற்கே உரிய மரக்கன்று ஒன்றை விலையின்றி வழங்குகின்றனர்.