காருக்கும் பேதி மருந்து!

அந்தக் காலத்துப் பாட்டிமார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பேரன் பேத்திகளை வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டி விடுவார்கள். வயிறு சுத்தமானால் பாதி வியாதி அண்டாது என்பது அவர்கள் சித்தாந்தம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் அந்தச் சிகிச்சை தேவை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்!

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு பெரும் பங்கை, எஞ்சினைச் சுற்றி ஓடும் 'கூலன்ட்' வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிக்கொள்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் கலந்தது. நாளடைவில் மருந்து தீர்ந்து போகும், துரு சேரும். போர் தண்ணீரை ஊற்றியிருந்தாலோ, வெந்நீர்த் தவலையில் உப்புப் படிவது போல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். பிறகென்ன, நடுரோட்டில் ஆவி!

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது? காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம்: சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். ஆவி அடங்காத பிரஷர் குக்கரைத் திறப்பீர்களா? இதுவும் அப்படித்தான். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி தளர்ந்ததோ, குபீரென்று பொங்கி முகத்தில் பாயும். ஆகவே இரவெல்லாம் நின்ற வண்டியில் விடியற்காலையில் வேலையை ஆரம்பியுங்கள். விசிறி தானாகவே சுழலக்கூடும், விரல் ஜாக்கிரதை!

அகலமான பாத்திரத்தை அடியில் வையுங்கள். மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழுள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். முழுவதும் வடிந்ததும் திருகை இறுக்கி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி மூடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, திறந்த வெளியில் எஞ்சினை ஓட விடுங்கள். தெர்மாஸ்டாட் என்ற வால்வு சுமார் 80, 90 டிகிரியில்தான் திறக்கும். மேல் குழாய் சூடேறினால் திறந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆற விட்டு, மறுபடி வடியுங்கள். தெளிந்த நீர் வரும் வரையில் இதே வைத்தியம்தான். கடைசியாக, கையேடு சொல்லும் கூலன்டை, சொல்லும் அளவில் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். உள்ளே தங்கிய காற்றையும் கையேட்டின்படி வெளியேற்றுங்கள்.

வடித்த திரவத்தை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைக்காதீர்கள். அது தித்திக்கும் விஷம்! குழந்தையோ நாயோ கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள கேனில் ஊற்றி, 'விஷம்' என்று எழுதி, பழைய கூலன்டை வாங்கிக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் சேர்த்துவிடுங்கள்.

விளக்கெண்ணெய் கொடுத்த தினத்தில் பாட்டி பேரனை வெளியூருக்கு அனுப்பமாட்டாள். நீங்களும் அன்று தூரப் பிரயாணம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள். அப்புறம் வெயிலானால் என்ன, மலைப் பாதையானால் என்ன? தைரியமாகக் கிளம்பலாம்!