16 சைகை, ஒரே ஒரு ஆரஞ்சு: விலங்குகள் ‘பேசுவது’ ஏன் மொழி ஆகாது?

‘கொடு ஆரஞ்சு எனக்கு கொடு சாப்பிடு ஆரஞ்சு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு நீ.’

1970களில் அமெரிக்காவில் ஒரு சிம்பன்சி கைச்சைகையில் சொன்ன மிக நீளமான ‘வாக்கியம்’ இதுதான். எண்ணிப் பாருங்க, மொத்தம் 16 சைகைகள். என்ன புரியுது? ஆரஞ்சு வேணும். அவ்ளோதான். முதல் 3 சைகையிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மீதி 13 சைகைகளும் புதுசா எதையும் சேர்க்கவில்லை.

அந்தச் சிம்பன்சியின் பெயர் நிம் சிம்ப்ஸ்கி. பெயரே ஒரு கிண்டல்தான். மொழி என்பது மனிதனுக்கு மட்டுமே உரிய பிறவித் திறன் என்று வாதிட்ட மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியை வம்புக்கு இழுக்கத்தான் இந்தப் பெயர். கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸுக்கு ஒரே ஒரு கேள்வி: மனிதக் குழந்தை மாதிரியே வளர்த்தால் சிம்பன்சி வாக்கியம் அமைக்குமா?

1973இல் ஓக்லஹோமாவில் பிறந்த நிம், சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு நியூயார்க்கில் ஒரு குடும்பத்திடம் கொடுக்கப்பட்டது. டயப்பர், சட்டை, வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு, கூடவே அமெரிக்க சைகை மொழிப் பாடம். நாலு வருஷத்தில் சுமார் 125 சைகைகளைக் கற்றுக்கொண்டது. இரண்டு மூன்று சைகைகளைச் சேர்த்தும் காட்டியது. அப்படிப்பட்ட 19,000க்கும் மேற்பட்ட கோவைகளை ஆய்வுக் குழு பதிவு செய்தது. டெரஸும் சாதித்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

1977இல் திட்டம் முடிந்து, நிம் ஓக்லஹோமாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பிறகு பதிவான வீடியோக்களை டெரஸ் பொறுமையாக ஓடவிட்டுப் பார்த்தார். அங்கேதான் ட்விஸ்ட். நிம் கை அசைப்பதற்குச் சற்று முன்னால், எதிரே இருக்கும் ஆசிரியரின் கை அதே சைகையையோ அதற்கு நெருக்கமான ஒன்றையோ காட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கே அது தெரியவில்லை. நிம் பெரும்பாலும் அவர்களைப் பார்த்துச் செய்தது, பழம் கிடைக்கும் வரை தெரிந்த சைகைகளை எல்லாம் அள்ளி வீசியது.

இன்னொரு விஷயமும் இடித்தது. மனிதக் குழந்தையின் வாக்கியம் மாதாமாதம் நீளும், நீள நீளப் புதுத் தகவலும் சேரும். நிம்மின் கோவைகளின் சராசரி நீளமோ 1.6 சைகைக்கு மேல் போகவே இல்லை. 1979இல் ‘சயின்ஸ்’ இதழில் டெரஸ் குழுவின் கட்டுரை வந்தது. சாம்ஸ்கியைப் பொய்யாக்கக் கிளம்பியவர், தன் திட்டத்தின் தரவையே வைத்து ‘இது வாக்கியம் இல்லை’ என்று எழுதினார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆசிரியர்களை மாற்றிக்கொண்டே இருந்தீர்கள், பயிற்சி முறையே தப்பு என்று மற்ற குரங்கு ஆய்வாளர்கள் திருப்பி அடித்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுசா ஓயவில்லை.

நிம்முக்கு என்ன ஆச்சு? மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. வழக்கு வரை போகும் அளவுக்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் டெக்ஸாஸில் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2000இல், 26 வயதில் இறந்தது. சிம்பன்சிக்கு அது சாகிற வயசு இல்லை.

தொண்டையா, மூளையா?

‘குரங்குக்குத் தொண்டை அமைப்பு சரியில்லை, அதனால்தான் பேச முடியலை’ என்று பள்ளியில் கேட்டிருப்போம். நிம்முக்கு முன்பே 1950 வாக்கில் விக்கி என்ற சிம்பன்சிக்கு வாயால் பேசக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி வந்தது நாலே சொல்தான், அதுவும் தடுமாறி. அதனால்தான் அடுத்து வந்தவர்கள் சைகைக்குத் தாவினார்கள்.

ஆனால் 2016இல் மக்காக் குரங்குகளின் வாய், தொண்டை அசைவுகளை எக்ஸ்ரே வீடியோவில் பதிந்து கணினியில் மாதிரி செய்து பார்த்தபோது வேறு விடை வந்தது: அந்தத் தொண்டையாலேயே புரியும்படியான பேச்சை எழுப்ப முடியும். குறை வாயில் இல்லை, வாயை ஓட்டும் மூளையில். வாயே பேசாத காது கேளாதோரின் சைகை மொழிகள் முழு இலக்கணம் கொண்ட மொழிகளாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘பேச்சு வேற, மொழி வேற’ என்பது அப்போது புரியும்.

அப்போ காட்டில் கேட்பதெல்லாம் வெறும் சத்தமா?

இல்லவே இல்லை. இந்த இடத்தில் மனிதர்கள் கொஞ்சம் ஓவராகவே பெருமை அடித்துக்கொள்கிறோம்.

கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு இன்னொரு குரல் கொடுக்கும். ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் அந்தக் குரல்களைப் பதிந்து, ஆபத்தே இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தைக் குரல் கேட்டதும் குரங்குகள் மரத்துக்கு ஓடின. கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன, புதருக்குள் பாய்ந்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று தரையைத் துழாவின. 1980இல் வெளியான இந்த ஆய்வு பெரிய அதிர்வை உண்டாக்கியது. குட்டிகள் விழும் இலையைப் பார்த்துக்கூட கழுகுக் குரல் எழுப்பும். வளர வளரத்தான் சரியாகும். நம்ம வீட்டுக் குழந்தை எருமையையும் ‘மாடு’ என்பது போல.

தேனீ இதைவிட ஒரு படி மேல். பூ எங்கே இருக்கிறது என்பதைக் கூட்டுக்குள் வந்து ஆடிக் காட்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து அதன் ஆட்டம் எவ்வளவு சாய்கிறதோ, சூரியனிலிருந்து பூ அவ்வளவு விலகி இருக்கிறது. உடலை ஆட்டும் நேரம் கூடினால் தூரமும் கூடும். கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்வது விலங்குலகில் அபூர்வம், அதை ஒரு பூச்சி செய்கிறது! இதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவரே ஒரு குறும்பும் செய்து பார்த்தார். ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்து, உச்சியில் உணவை வைத்தார். உணவைக் கண்ட தேனீக்கள் கீழே வந்து மும்முரமாக ஆடின. மற்ற தேனீக்களோ சுற்றியிருந்த தரையெல்லாம் தேடித் திரிந்தன. ‘மேலே’ என்று சொல்ல அந்த ஆட்டத்தில் இடமே இல்லை. புதுத் தேவை வந்தாலும் புதுச் சொல் உருவாகாது.

நிம்மால் முடியாததைச் செய்தது ஜப்பானின் ஒரு சிட்டு. கையளவுகூட இல்லாத அந்தப் பறவை, ‘சுற்றிப் பாருங்க, ஆபத்து’ என்ற குரலையும் ‘இங்கே வாங்க’ என்ற குரலையும் வரிசையாகச் சேர்த்து எழுப்பும். கேட்கும் சிட்டுகள் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே நெருங்கும். தோஷிதாக்கா சுசுகி குழு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி ஒலிக்கவிட்டது. பறவைகள் கிட்டத்தட்ட கண்டுகொள்ளவே இல்லை. வரிசை முக்கியம் என்றால் அது இலக்கணத்தின் ஒரு துளிதானே? 2025இல் காங்கோ காட்டுப் போனபோக்களிடமும் குரல்களை இணைத்துப் புதுப் பொருள் தரும் வழக்கம் இருப்பதாக ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. ‘இணைத்துப் பேசுவது மனிதன் மட்டும்தான்’ என்று இப்போது யாரும் அடித்துச் சொல்வதில்லை.

(இன்ஸ்டா ரீல்ஸில் பட்டனை அமுக்கி ‘வெளியே போகணும்’ என்று சொல்லும் நாய்கள்? ‘வெளியே’, ‘விளையாட்டு’ போன்ற சில சொற்களுக்கு நாய்கள் பொருத்தமாக நடந்துகொள்வது 2024இல் ஒரு ஆய்வில் தெரியவந்தது. அதற்கு மேல் அந்த வீடியோக்களில் இருப்பதெல்லாம் கீழே ஓடும் கேப்ஷனின் கைவண்ணம் என்பது என் சந்தேகம்.)

சரி, நம்மிடம் மட்டும் என்ன ஸ்பெஷல்?

பல், பால், கல், கால். எழுதிப் பாருங்கள். ‘ப’ என்ற ஒலிக்குத் தனியாகப் பொருள் கிடையாது, ‘ல்’லுக்கும் கிடையாது. பொருளே இல்லாத சில டஜன் ஒலிகளைக் கலைத்துப்போட்டு லட்சக்கணக்கான சொற்கள் செய்கிறோம். சிறுத்தைக் குரலை வெட்டி ஒட்டி முயல் குரல் செய்ய வெர்வெட்டால் முடியாது.

அடுத்து, சொற்களுக்கு மேல் ஒரு மாடி. ‘வந்தான்’, ‘வரமாட்டான்’, ‘வந்திருக்கக்கூடாது’, ‘அவன் வந்தா நான் வரமாட்டேன்னு அவ சொன்னதா கேள்விப்பட்டேன்’. நடக்காதது, நடந்திருக்கக்கூடாதது, ஒருத்தர் மனசுக்குள் இருப்பது, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொன்னது என எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் உட்காருகின்றன. நீங்கள் வாழ்க்கையில் இதுவரை கேட்டே இராத வாக்கியத்தை இப்போது படிக்கிறீர்கள், புரிகிறது. சிட்டின் இரண்டு குரல் இணைப்பு இங்கே வரை வரவில்லை.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவோம் இல்லையா? ஒரு வயசு நெருங்கும்போது அந்தக் குழந்தையே விரல் நீட்டி நிலாவை நமக்குக் காட்டும். அதற்கு நிலா வேண்டும் என்று அர்த்தமில்லை. ‘நானும் பாக்குறேன், நீயும் பாரு’ என்பதுதான். நம் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கவும் செய்யும். நிம்மின் சைகைகளில் கிட்டத்தட்ட எல்லாமே எதையாவது கேட்பதற்குத்தான். ஆங்கிலப் பேச்சையே ஓரளவு புரிந்துகொண்ட புகழ்பெற்ற கான்சி என்ற போனபோகூட (2025இல், 44 வயதில் இறந்தது) குறியீட்டுப் பலகையைத் தொட்டது பெரும்பாலும் கேட்பதற்காகத்தான். பல வருஷம் கழித்து டெரஸ் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்: நிம்மிடம் இல்லாதது இலக்கணம் மட்டுமல்ல, ஒரு பொருளுக்குப் பெயர் சொல்லிப் பகிர்ந்துகொள்ளும் ஆசையே இல்லை.

இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சுது?

பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல் தன் விதிகளிலேயே எழுதி வைத்தது: மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரை எதையும் ஏற்க மாட்டோம். ஆளாளுக்குக் கதை விட்டதுதான் காரணம். பேச்சு புதைபடிவம் ஆகாது, அதுதான் சிக்கல்.

கிடைத்ததெல்லாம் ஓரத் தடயங்கள். இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983இல் தோண்டி எடுத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டில் நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பு இருந்தது, நம்முடையதைப் போலவே. 2001இல் ‘ஃபாக்ஸ்பி2’ என்ற மரபணுவைப் ‘பேச்சு மரபணு’ என்று கொண்டாடினார்கள். அதன் மனித வடிவம் நியாண்டர்தால்களிடமும் இருந்தது 2007இல் தெரிந்ததும் கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கியது. ஒரே மரபணுவில் மொழி வந்திருக்கும் என்று இன்று சொல்பவர்கள் குறைவு.

ஆனால் ஒரு மொழி பிறப்பதை மனிதர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். நிகராகுவாவில் 1970களுக்கு முன் காது கேளாத குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தத்தம் வீடுகளில் வளர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு சில கைக்குறிகள், அவ்வளவே. 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிஷ் மொழியையும் கற்பிக்கப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. பிள்ளைகளோ மைதானத்திலும் பஸ்சிலும் தங்களுக்குள் சைகைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அந்தக் குறிகளை வாங்கி, யாரும் சொல்லித் தராத இலக்கணத்தை அதில் ஏற்றிவிட்டார்கள்.

உதாரணத்துக்கு, ‘உருண்டு இறங்கியது’ என்பதை மூத்தவர்கள் கையைச் சுழற்றிக்கொண்டே கீழே கொண்டுபோய் ஒரே அசைவில் நடித்துக் காட்டுவார்கள். இளையவர்கள் அதை இரண்டாக உடைத்தார்கள்: முதலில் ‘உருள்’, பிறகு ‘கீழே’. உடைத்துவிட்டால் ‘உருள்’ளை எடுத்து வேறு எதோடும் சேர்க்கலாம். நடிப்பு சொல்லாக மாறிய அந்தக் கணத்தை ஆன் செங்காஸ் குழு 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் பதிவு செய்தது. நிம்முக்கு அத்தனை பேர் பாடம் எடுத்தும் வராதது, யாரும் பாடம் எடுக்காத இந்தக் குழந்தைகளிடம் தானாக வந்தது.

மொழி இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அதற்கான விலையும் இருந்தது. முதல் தலைமுறைச் சைகையாளர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகு, ஜென்னி பையர்ஸும் செங்காஸும் அவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். படக்கதையில், அண்ணன் வெளியே போன நேரத்தில் தம்பி அவனுடைய பொம்மையை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வரும் அண்ணன் எங்கே தேடுவான்? நாலைந்து வயசுக் குழந்தை பழைய இடத்தைக் காட்டிவிடும். இந்தப் பெரியவர்களில் பலர் புது இடத்தைக் காட்டினார்கள். ‘நினைக்கிறான்’, ‘தெரியாது’ போன்ற சைகைகள் அவர்கள் பேச்சில் மிகக் குறைவு. அவர்களைவிட வயதில் சிறிய இளையவர்கள் இதே சோதனையில் தேறினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் மூத்தவர்களில் சிலர் இளையவர்களோடு அதிகம் பழகி, அந்தச் சைகைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவர்கள் பொம்மையின் பழைய இடத்தைச் சரியாகக் காட்டினார்கள்.